காப்பு கட்டிய ஊருக்கு வெளியே

கிளாவரையின் எல்லைக்கல் வரைக்கும் வந்த வழிகாட்டி அதற்கு மேல் வரவில்லை. நாங்கள் மூன்று பேரும் கல்லைத் தாண்டி நாலு அடி நடந்து திரும்பிப் பார்த்தோம். அவர் உள்பக்கமே நின்று கையை நீட்டி வழி சொல்லத் தொடங்கினார். ஊருக்குள் கொட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். காது அந்தப் பக்கமும் கண் எங்கள் பக்கமுமாக அவர் வேகமாகப் பேசினார்.

“ஓடை எப்பவும் இடது கைப்பக்கமே கெடக்கணும். மொதச் சோலை, அப்புறம் புல்லுமேடு, அப்புறம் ரெண்டாஞ் சோலை. அதுக்குள்ள தடம் ரெண்டாப் பிரியும். கீழ எறங்குறது காட்டுமாடு போற தடம், அதுல காலே வைக்காத. மேல போறதுல கல்லு அடுக்கி வச்சிருக்கும். அதப் பிடிச்சா மூணு மணி நேரத்துல கோவிலூரு. ஒனக்குத்தான் தெரியுமே, நான் என்னத்தச் சொல்ல.”

“தெரியும்ணே,” என்றேன்.

எனக்குத் தெரியாது. அந்தக் கல்லுக்கு அப்பால் நான் அதற்கு முன் கால் வைத்ததே இல்லை. கிளாவரைக்கே அன்று காலையில்தான் முதல்முறையாக வந்திருந்தேன்.

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்திரண்டு வயது. ஏழாவதோடு பள்ளியை விட்டுவிட்டு, திண்டுக்கல்லில் தோல் ஊறவைக்கும் தொட்டி, மதுரையில் டீக்கடை, வத்தலக்குண்டு லாரி ஒன்றில் கிளீனர் என்று எங்கும் ஆறு மாதம் தங்காமல் கொடைக்கானலுக்கு ஏறி வந்திருந்தேன். ஏரிக்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவினேன். விடியற்காலைத் தண்ணீரில் விரல்கள் வெடித்து, புளி பட்டால் எரியும். ஒரு நாள் காலையில் அந்த வேலையையும் விட்டுவிட்டு காய்கறி மார்க்கெட்டில் வந்து நின்றேன். அங்கேதான் இந்த வழிகாட்டி ஆள் தேடிக்கொண்டிருந்தார். கிளாவரையில் பூண்டு விவசாயம் செய்பவர், நாற்பது வயதிருக்கும். சீசனில் மலை நடக்க வருகிறவர்களுக்கு வழிகாட்டியாகவும் போவார்.

“சுமை தூக்கணும், நாலு நாள். கிளாவரைப் பக்கம் போயிருக்கியா?”

“ரெண்டு தடவ போயிருக்கேன்ணே. கோவிலூர் வரைக்கும்.”

பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று ஊர்களை வரிசை பிசகாமல் ஒப்பித்தேன். காய்கறி லாரிக்காரர்கள் வாயிலிருந்து கேட்டு மனப்பாடமான வரிசை. அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. பொய் சொல்லி வேலைக்குச் சேர்வதும், பத்து நாளில் வேலையைக் கற்றுக்கொண்டு பொய்யை உண்மையாக்கிவிடுவதும் எனக்குப் பழக்கம். கிளீனராகச் சேரும்போது டயர் கழற்றத் தெரியும் என்றேன். தோல் தொட்டியில் சேரும்போது நாற்றம் பழக்கம் என்றேன். இரண்டும் பத்து நாளில் உண்மையாகிவிட்டன. மலையில் அந்தப் பத்து நாள் கிடைக்காது என்பது எனக்குத் தோன்றவில்லை.

நடக்க வந்தவர்கள் ஒரு தம்பதி. இருவரும் கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியில் ஆசிரியர்கள். சார் அறிவியல், டீச்சர் கணக்கு. ஐம்பதை ஒட்டிய வயது. கோடை விடுமுறையில் வருடத்துக்கு ஒரு மலைப்பாதை நடப்பது அவர்கள் வழக்கமாம். சாருக்கு மூச்சிரைப்பு உண்டு. அவர் அதை ‘வீசிங்’ என்பார். ஏற்றத்தில் நின்று, இடுப்பில் கை வைத்து, வானத்தைப் பார்த்தபடி மாத்திரையை நாக்கில் போட்டுக்கொள்வார். மாத்திரைகள் காகிதப் பொட்டலங்களாக என் முதுகுச் சுமையின் பக்கப் பையில் இருந்தன. கம்பளிகள், அரிசி, சட்டி எல்லாமே என் முதுகில்தான்.

மூன்று நாள் ஒரு குறையுமில்லை. கவுஞ்சியில் படிப்படியான வயல்களுக்கு மேலே ஒரு விவசாயி வீட்டில் தங்கினோம். நான்காம் நாள் வெள்ளனே கிளம்பிப் பூண்டியைத் தாண்டி, பகல் பதினோரு மணிக்குக் கிளாவரைக்குள் நுழைந்தபோதுதான் வேப்பிலைத் தோரணத்தைப் பார்த்தோம். வழிகாட்டியின் முகம் வெளுத்துவிட்டது.

அம்மனுக்குக் காப்பு கட்டிவிட்டார்கள். அடுத்த செவ்வாய்தான் கட்டுவதாக அவர் கிளம்பும்போது பேச்சு. ஊரில் இரண்டு குழந்தைகளுக்கு அம்மை போட்டுவிடவே, திருவிழா நாளை முன்னால் இழுத்துவிட்டார்கள். காப்பு கட்டிவிட்டால் ஊர்க்காரர் யாரும் எட்டு நாளைக்கு ஊர் எல்லைக்கு வெளியே இரவு தங்கக்கூடாது. பகலில் போகலாம், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். வெளியூர்க்காரர் உள்ளே ஓர் இரவு தங்கிவிட்டால் எட்டு நாளும் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் இருட்டுவதற்கு முன் எல்லையைத் தாண்டிவிட வேண்டும்.

எங்களைக் கோயில் பக்கத்துப் பந்தலில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள். வழிகாட்டி இலைக்கு எதிரில் குந்தி உட்கார்ந்து சாரிடம் சொன்னார்.

“தப்பா எடுத்துக்கிறாதீங்கய்யா. கோவிலூருக்குப் போக மூணு மணி, திரும்ப மூணு மணி. இப்பக் கெளம்பினாலும் இருட்டுறதுக்குள்ள நான் திரும்ப முடியாது. எங்க அண்ணன் வேற இந்த வருசம் சட்டி எடுக்குறாரு. நான் வெளிய தங்கினா ஊரே காறித் துப்பும்.”

“எட்டு நாள் எங்களால இருக்க முடியாதே,” என்றார் சார். “அடுத்த வாரம் மதுரையில பேப்பர் வேல்யூவேஷன்.”

டீச்சர், “அப்ப பூண்டிக்குத் திரும்பிருவோம். பக்கம்தானே?” என்றார்.

எல்லோருக்கும் அதுதான் நல்ல யோசனை. ஆனால் சாருக்கு மனமில்லை. நாலு நாள் நடந்து கடைசி மூன்று மணி நேரத்தை விட்டுவிட்டுத் திரும்புவதா என்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“தம்பி, நீ இந்த வழியில போயிருக்கேன்னு சொன்னாரே. உனக்குத் தெரியும்ல?”

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் யாரும் என்னை அடித்திருக்க மாட்டார்கள். பூண்டியில் படுத்து, மறுநாள் கொடைக்கானல் பார்த்து நடந்திருப்போம். அதுதான் எனக்கு வேண்டாமல் இருந்தது. வந்த வழியே திரும்பி நடப்பது எனக்கு எப்போதும் ஒப்பாது. கோவிலூர் போய், அங்கிருந்து மூணாறு போய், எஸ்டேட்டில் ஏதாவது வேலை பிடித்துக்கொள்ளலாம் என்று மனதுக்குள் எப்போதோ கிளம்பிவிட்டிருந்தேன்.

“கண்ணக் கட்டி விட்டாலும் போவேன் சார்,” என்றேன்.

டீச்சர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பின்பெஞ்சில் உட்கார்ந்து விடையை மட்டும் சரியாகச் சொல்லும் பையனைக் கணக்கு டீச்சர்கள் பார்க்கும் பார்வை. பிறகு இலையை மூடிவிட்டு எழுந்தார்.

முதல் சோலை வரைக்கும் வெயில் இருந்தது. ஓடை இடது பக்கம் சலசலத்துக்கொண்டு வந்தது. சோலைக்குள் நுழைந்ததும் சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. பாசி படிந்த மரங்கள், காலுக்கடியில் நனைந்த பஞ்சு மாதிரி இலைக்குப்பை. அட்டைகள் இலை நுனியில் நின்று தலையை ஆட்டின. டீச்சர் சேலையைத் தூக்கிச் செருகி, புகையிலைத் தண்ணீரில் நனைத்த துணியால் கணுக்காலைத் துடைத்துக்கொண்டே நடந்தார்.

“என் ரத்தத்தைக் குடிச்சா சாக்பீஸ் தூளுதான் வரும். குடிச்சிட்டு அதுவே சாகட்டும்,” என்றார். சார் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்குக் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

புல்மேட்டுக்கு ஏறும்போது மேற்கில் இடி உருண்டது. சித்திரை மாதத்து மத்தியானங்களில் அந்த மலையில் இது சாதாரணம். அண்ணாந்து பார்க்கும்போது நீலமாக இருந்த வானம், சுமையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றுவதற்குள் இல்லாமல் போயிருந்தது. பள்ளத்திலிருந்து மஞ்சு, அந்த மலையின் பனிமூட்டம், ஏறி வந்தது. முதலில் புல்லின் நுனிகள் மறைந்தன, பிறகு பாதை, பிறகு எனக்குப் பின்னால் வந்த டீச்சரின் முகம். கைநீட்டித் தொடும் தூரத்தில் அவருடைய ஊதா ஸ்வெட்டர் மட்டும் ஒரு கறையாகத் தெரிந்தது. ஆலங்கட்டி விழுந்தது, பட்டாணி அளவில், காது மடலில் பட்டால் சுரீரென்றது. கொஞ்ச நேரத்தில் ஆலங்கட்டி நின்று சன்னமான மழையானது.

ஓடையைப் பிடித்துக்கொண்டு போனால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இடது காதைத் தீட்டினேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பத்து அடி நடந்து நின்றேன். வலது பக்கமும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. இன்னும் பத்து அடி போனபோது முன்னாலும் கேட்டது. மழை விழுந்ததும் மலையின் சுருக்கம் ஒவ்வொன்றிலும் ஓர் ஓடை பிறந்துவிட்டது. எது வழிகாட்டி சொன்ன ஓடை, எது இப்போது பிறந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பசி எனக்குத் தெரியும், அடி தெரியும், காய்ச்சலோடு பஸ் ஸ்டாண்டில் கிடந்ததும் உண்டு. இந்தப் பயம் வேறு. என் பின்னால் இரண்டு பேர் என் முதுகைப் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

“சரியாத்தானே போறோம்?” டீச்சரின் குரல்.

“சரிதான் டீச்சர்.”

இரண்டாம் சோலை என்று நான் நினைத்த ஒன்றுக்குள் நுழைந்தோம். பாதை பிரிந்தது. மேலே போகும் கிளையில் கல் அடுக்கைத் தேடினேன். கல் எங்கும் இருந்தது, ஆனால் எதுவும் ஆள் அடுக்கியதாகத் தெரியவில்லை. கீழே இறங்கும் கிளை அகலமாக, மிதிபட்டுத் தெளிவாக இருந்தது. தெளிவான பாதைதான் மனிதர் போகும் பாதை என்று என் புத்திக்குப் பட்டது. அதில் இறங்கினேன். காட்டுமாடுகள் போகும் தடத்தில் காலே வைக்காதே என்று அவர் சொன்னது இறங்கும்போதும் எனக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்தும் இறங்கினேன். பயந்தவனுக்கு அகலமான பாதைதான் பிடிக்கிறது.

ஐம்பது அடி இறங்கியிருப்போம். முன்னால் ஒரு பாறை. அதை வலது பக்கம் சுற்றிப் போகலாம் என்று திரும்பினேன். பாறை மூச்சுவிட்டது.

வெந்நீர் அண்டாவைத் திறந்த மாதிரி ஆவி வந்தது. பிறகு நாலு கால்களும் முழங்கால் வரை வெள்ளையாகத் தெரிந்தன, பிறகு வளைந்த கொம்பு. என் தலைக்கு மேலே அதன் முதுகு இருந்தது. காட்டுமாட்டைப் பார்த்தால் ஓடக்கூடாது, நின்ற இடத்தில் நின்று மெல்ல மெல்லப் பின்வாங்க வேண்டும் என்று முதல் நாளே வழிகாட்டி மூன்று பேருக்கும் சொல்லியிருந்தார். சாரும் டீச்சரும் அப்படியே நின்றார்கள். சுமையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடியது நான்தான்.

இதை எழுதும்போதும் கை கூசுகிறது. மரத்தில் மோதி, விழுந்து, எழுந்து ஓடினேன். ஒரு வேர் தடுக்கிக் குப்புற விழுந்த பிறகுதான் நின்றேன். பின்னால் ஏதோ கனமாக உருண்டு போகும் சத்தமும் சட்டி பாறையில் மோதும் சத்தமும் கேட்டன. பிறகு புதர்கள் முறிய மாடு எதிர்ப்பக்கமாகப் போனது. அப்புறம் அமைதி. அந்த அமைதியில் சாரின் மூச்சு கேட்டது. கீச், கீச் என்று, துருப்பிடித்த கதவை யாரோ மெதுவாகத் திறந்து மூடுவது போல.

நான் திரும்பிப் போனேன். சார் ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின.

“பையை எடு. மாத்திரை,” என்றார் டீச்சர்.

சுமை விழுந்த இடத்தில் தரை சரிந்து முடிந்திருந்தது. அதற்குக் கீழே வெள்ளையாக மஞ்சு மட்டும். எவ்வளவு ஆழம் என்று தெரியவில்லை. ஒரு கல்லைப் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீரில் விழுந்தது.

“கீழ போயிருச்சு டீச்சர்.”

“எல்லாமேவா?”

“எல்லாமே.”

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கணவரின் ஈர மப்ளரைப் பிழிந்து மறுபடி கழுத்தில் சுற்றினார். பிறகு, “சரி. இங்கிருந்து கோவிலூர் எவ்வளவு நேரம்? நீ போன தடவை இந்த எடத்துலருந்து எத்தனை மணி நேரத்துல போனே? யோசிச்சுச் சொல்லு,” என்றார்.

சாரின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. இன்னொரு பொய் சொல்ல வாயைத் திறந்தேன்.

“டீச்சர், நான் இந்தப் பக்கம் வந்ததே இல்ல.”

சார் பேச முயன்று, பேச மூச்சு போதாமல், கையை மட்டும் ஆட்டினார். விடு என்றா, போய்த் தொலை என்றா தெரியவில்லை.

“ரெண்டு தடவைன்னு சொன்னே.”

“பொய் டீச்சர்.”

“இந்தத் தடம் சரியா?”

“இல்ல. இது மாட்டுத்தடம்னு நெனக்கிறேன்.”

“இதை ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி சொல்றதுக்கு என்னடா கேடு உனக்கு?” என்றார். குரல் உடைந்தது. ஆனால் அடுத்த வார்த்தைக்குள் அதைச் சரிசெய்துகொண்டார். “சரி, இப்ப தெரிஞ்சதை மட்டும் சொல்லு. என்ன தெரியும் உனக்கு?”

எனக்குத் தெரிந்தது ஒன்றுமில்லை. நிற்கும் இடம் தெரியாது, எந்தத் திசையில் இறங்கினோம் என்பதும் தெரியாது. கம்பளி இல்லை, தீப்பெட்டி சுமையோடு போய்விட்டது. வெளிச்சம் இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கலாம். அதற்குள் சாரைக் கூரைக்குக் கீழே, நெருப்புக்குப் பக்கத்தில் சேர்க்கவில்லையென்றால் விடிவதற்குள் அவர் இருக்க மாட்டார். இது மட்டும்தான் தெரிந்தது. அதைச் சொல்லவில்லை. டீச்சருக்கும் தெரிந்திருந்தது.

அப்போதுதான் கொட்டுச் சத்தம் கேட்டது.

காற்று திரும்பியிருக்க வேண்டும். மஞ்சுக்கு அப்பால், எங்கோ மேலே, டங்குடக்கு டங்குடக்கு என்று ரொம்ப மெலிசாக. கிளாவரையில் சாயங்காலக் கொட்டு தொடங்கிவிட்டது. நாங்கள் மூவரும் தலையைத் தூக்கினோம். உடனே சத்தம் நின்றுவிட்டது. நின்றுவிடவில்லை, சாரின் மூச்சு விசில் அதை மறைத்துவிட்டது. ஒரு நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று அந்த மனிதரிடம் எப்படிக் கேட்பது? நான் கேட்கவில்லை. முப்பது அடி தள்ளிப் போய் நின்று காதில் கையைக் குவித்துக் கேட்டேன். இந்தப் பக்கம் என்று கத்தினேன். டீச்சர் அவரைத் தாங்கி அந்த இடத்துக்குக் கொண்டுவந்தார். மறுபடி நான் முப்பது அடி போய் நின்றேன்.

இப்படி எத்தனை முப்பது அடிகள் என்று எனக்குத் தெரியாது. பாதையைப் பார்க்கவில்லை, சத்தத்துக்கு நேராகப் போனோம். முள், சரிவு, ஓடை எதுவானாலும். காற்று மாறும்போது சத்தம் முதுகுப் பக்கம் கேட்கும். இதுவரை எதிர்த்திசையில் வந்துவிட்டோமோ என்று அசையாமல் நிற்பேன். மறுபடி முன்னால் கேட்கும். அவர்கள் கொட்டை நிறுத்திவிடக்கூடாது என்று அந்த ஊர் அம்மனை வேண்டினேன். டீச்சர் தன் ஏசுவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். புல்மேட்டின் அடியில் சார் உட்கார்ந்துவிட்டார். நான் அவரை முதுகில் தூக்கினேன். என் முதுகில்தான் சுமை இல்லையே. அவருடைய நெஞ்சு என் முதுகெலும்பில் அடித்தது. ஒவ்வொரு மூச்சும் என் பிடரியில் வந்து பட்டது. அடுத்தது வருகிறதா என்று எண்ணிக்கொண்டே ஏறினேன். ஒருமுறை வரவில்லை. நான் நின்றுவிட்டேன். பிறகு வந்தது.

எல்லைக்கல்லைப் பார்த்தபோது மஞ்சு கொஞ்சம் கலைந்து, கறுத்துக்கொண்டு வந்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நாங்கள் கத்தியதைக் கேட்டு வந்தவர்கள். வழிகாட்டி முன்னால் நின்றார். என் முதுகில் கிடந்தவரைப் பார்த்ததும், “அடப்பாவி, என்னடா பண்ணே?” என்றார்.

“அவனுக்கு வழி தெரியாதாம்,” என்றார் டீச்சர். “வந்ததே இல்லையாம். முதல்ல இவரை உள்ள தூக்குங்க.”

யாரும் அசையவில்லை. திருவிழாவை முன்னின்று நடத்தும் பெரியதனக்காரர் விளக்கை உயர்த்திச் சாரின் முகத்தைப் பார்த்தார்.

“ராத்தங்கினா எட்டு நாளும் இருக்கணும்மா. நடுவுல எறங்கிப் போகக்கூடாது. ஊர்ல அம்மை கெடக்கு, அம்மனோட வெளையாட முடியாது. ஒத்துக்கிடுறீகளா?”

“எட்டு நாளென்ன, பள்ளிக்கூடம் தொறக்குற வரைக்கும் இருக்கச் சொல்லுங்க, இருக்கேன். பேப்பரை வேற யாராச்சும் திருத்தட்டும்.”

“மாமா, கணக்கு டீச்சராம்ல. சந்தா வரவு செலவ இவுகளையே பாக்கச் சொல்லுவோம். ஒம்ம கணக்குல போன வருசமே ஓட்ட,” என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

“எலேய், பொத்து வாய,” என்றார் பெரியதனக்காரர். ஆனால் விளக்கைத் தாழ்த்திவிட்டார். இரண்டு பேர் வந்து சாரை என் முதுகிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். நானும் அவர்களுக்குப் பின்னால் ஒரு காலை எடுத்துவைத்தேன். வழிகாட்டி என் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினார்.

“நீ உள்ள வராத.”

தண்டனை என்று நினைத்தேன். நியாயம் என்றும் நினைத்தேன். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “ஏலே, நல்லாக் கேளு. இவருக்கு மாத்திரை கொடைக்கானல்லதான கெடைக்கும்? போக ஒரு நாள், வர ஒரு நாள். நாங்க ஒருத்தனும் வெளிய ராத்தங்க முடியாது. நீயும் இன்னைக்கு உள்ள படுத்துட்டேன்னா ஒன்னையும் எட்டு நாளைக்கு வெளிய விட மாட்டாக. அப்புறம் யாரு போறது? போற வழியாச்சும் தெரியும்ல? நாலு நாளா அதுலதான நடந்தே?”

“அது தெரியும்ணே.”

“இதுவும் பொய்யில்லையே?”

“இல்லண்ணே.”

எல்லைக்கல்லுக்கு இப்பால், ஒரு கூப்பிடு தூரத்தில், பிடுங்கிய பூண்டைக் காயப்போடும் கொட்டகை ஒன்று இருந்தது. மூன்று பக்கம் தட்டி, ஒரு பக்கம் திறப்பு. அதில் படுக்கச் சொன்னார்கள். ஒரு கம்பளியையும் ஒரு சட்டி சோற்றையும் கல்லின் மேல் வைத்தார்கள். நான் இந்தப் பக்கமிருந்து எடுத்துக்கொண்டேன். தூங்கியதாக ஞாபகமில்லை. வெளியே எது மூச்சுவிட்டாலும் மாடு என்று எழுந்து உட்கார்ந்தேன். அதைவிடப் பெரிய பயம், விடிந்ததும் கல்லுக்கு அந்தப் பக்கத்திலிருந்து யார் வந்து என்ன சொல்வார்கள் என்பது.

வெயில் ஏறியதும் டீச்சரே வந்தார். யாருடையதோ கண்டாங்கிச் சேலையைக் கட்டியிருந்தார்.

“மூச்சு விடுறார்,” என்றார் முதலில். “ராத்திரி முழுக்கக் கடுங்காப்பி குடுத்து உக்கார வெச்சே வெச்சிருந்தோம். இப்ப கொஞ்சம் தேவலை. ரெண்டு நாள் தாங்கும். அதுக்கு மேல எனக்குத் தெரியாது.”

வெளிச்சம் வந்ததுமே, மாட்டுத்தடம் தெரிந்த இரண்டு பேர் பள்ளத்தில் இறங்கிச் சுமையை எடுத்து வந்திருந்தார்கள். ஓடையில் கிடந்திருக்கிறது. மாத்திரைப் பொட்டலம் கரைந்து, காகிதத்தில் வெள்ளைக் குழம்பாக ஒட்டியிருந்தது. அதைக் காட்டினார். மாத்திரையின் பெயரை எழுதிய சீட்டையும் ஐம்பது ரூபாயையும் நீட்டினார்.

“டீச்சர், நான் நேத்து...”

“உன்னை நம்பி அனுப்பல, தம்பி. வேற ஆள் இல்ல. அதான் அனுப்புறேன்.”

மறுநாள் பொழுது சாயும் முன் மாத்திரை வந்து சேர்ந்தது என்பதையும், சார் அதற்குப் பிறகு பல வருடம் இருந்தார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று காலையில் அது யாருக்கும் தெரியாது. நான் திரும்பி வருவேனா என்பதே தெரியாது. எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஐம்பது ரூபாயோடு பூம்பாறையில் பஸ் ஏறினால் வத்தலக்குண்டு, அதற்கப்புறம் எந்த ஊரும் போகலாம்.

கிளம்பும் நேரத்தில் பெரியதனக்காரர் வந்தார். போவதுதான் போகிறான், ஊருக்கும் சாமான் வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். திருவிழா நாளை முன்னால் இழுத்ததில் சூடம், வெற்றிலை, தேங்காய் எதுவும் போதவில்லை. வாங்கிவரப் போகிறவன் இரவு வெளியே தங்கியாக வேண்டும், அதற்கு ஊரில் ஆள் இல்லை.

“எட்டு நாளைக்கும் நீயே போயி வா. கொண்டாந்து இந்தக் கல்லுக்கிட்ட வையி, நாங்க எடுத்துக்கிடுறோம். நாளுக்கு ஆறு ரூவா. சோறும் இங்கேயே கொண்டாந்து வச்சிருவாக. கல்லத் தாண்டி மட்டும் வராத. என்ன சொல்றே?”

சரி என்றேன். போகும்போது வெறுங்கையாகப் போக வேண்டாம் என்று வழிகாட்டி ஒரு மூட்டை பூண்டைக் கொண்டுவந்து கல்லின் மேல் சாய்த்தார். ஊருக்குள் நுழையாமல் வெளியே சுற்றிப் பூண்டிப் பாதையில் ஏறும் தடத்தைக் காட்டினார். பூம்பாறையில் ஒரு கடையின் அடையாளம் சொல்லி, அங்கே இறக்கிவிட்டு பஸ் பிடிக்கச் சொன்னார். சீட்டையும் பணத்தையும் ஒரு பிளாஸ்டிக் தாளில் சுற்றிச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். குனிந்தேன். மூட்டையைத் தலைக்கு ஏற்றிவிட்டார்கள்.